நம்ம விரல் நம்ம கண்ணைக் குத்தும்போது

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது முழுசாகப் படியுங்கள். பாதியில் நிறுத்தினால் என்னைத் தப்பாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு அதிகம்.

2019 பிப்ரவரி 27. புதன்கிழமை.

தேதியைச் சொன்னதுமே உங்களில் பலருக்கு ஞாபகம் வந்திருக்கும். விங் கமாண்டர் அபிநந்தன் பாகிஸ்தானிடம் பிடிபட்ட நாள்.

அன்று சாயங்காலம் என் கிளினிக்கில் உட்கார இடமில்லை. வைத்தியம் பார்க்க வந்தவர்களைவிட டிவி பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். எதிரே டீக்கடையிலும் அதே முகம், அதே மீசை. நம்ம தமிழ்நாட்டுப் பையன் என்று ஆளாளுக்குத் தவித்துக்கொண்டு இருந்தோம். மார்ச் 1 ராத்திரி அவர் வாகா எல்லை வழியாகத் திரும்பி வந்தபோது எங்கள் பக்கம் வெடித்த வெடிக்குக் கணக்கில்லை. பட்டாசு ஊர், கேட்கவா வேண்டும்!

அதே பிப்ரவரி 27 காலையில் இன்னொன்றும் நடந்தது. டிவி திரையின் அடியில் ஓடும் எழுத்தில் வந்து போனது.

ஸ்ரீநகரில் இருந்து கிளம்பிய நம் விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் ஒன்று, கிளம்பிய பத்து நிமிடத்தில் பட்காம் மாவட்டத்தில் விழுந்து எரிந்தது. உள்ளே இருந்த ஆறு பேரும் இறந்துபோனார்கள். தரையில் இருந்த உள்ளூர்க்காரர் ஒருவரும் இறந்துபோனார்.

ஏதாவது தொழில்நுட்பக் கோளாறாக இருக்கும் என்று பேச்சு வந்தது. நாமும் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு அபிநந்தனுக்குத் திரும்பிவிட்டோம். நானும்தான்.

அன்று என் அறைக்குள் பிரஷர் பார்க்க வந்தவர் ஒரு ஓய்வுபெற்ற ஹவில்தார். ஊரில் 'மிலிட்டரிக்காரர்' என்று கேட்டால்தான் தெரியும். (அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.) மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறார், உப்பைக் குறைத்துவிட்டார், ஆனாலும் பிரஷர் இறங்க மாட்டேன் என்கிறது. ராத்திரி தூக்கம் இல்லை.

கையில் பட்டையைச் சுற்றும்போது கேட்டார்.

"தம்பி, அந்த ஆறு பேரு வீட்டுக்கு யாரு போய்ச் சொல்லுவா? என்னன்னு சொல்லுவா?"

எனக்குப் புரியவில்லை. எந்த ஆறு பேர் என்று கேட்டேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் பேசாமல் சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சரி, அந்த ஹெலிகாப்டருக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன். பலருக்கு இன்னமும் தெரியாது.

அதை விழவைத்தது நம்முடைய ஏவுகணை.

முந்தின நாள்தான் பாலாகோட் தாக்குதல் நடந்திருந்தது. 27 காலை பாகிஸ்தான் விமானங்கள் பதிலடிக்கு வந்தன. வானத்தில் சண்டை நடந்துகொண்டு இருந்த நேரம். ஸ்ரீநகர் தளத்தில் இருந்தவர்கள் ரேடாரில் ஒரு புள்ளி தளத்தை நோக்கி வருவதைப் பார்த்தார்கள். எதிரி என்று நினைத்து ஏவுகணையை விட்டார்கள். வந்தது நம் ஆட்கள், நம் தளத்துக்கே திரும்பிக்கொண்டு இருந்தவர்கள்.

வருவது நண்பனா எதிரியா என்று அடையாளம் சொல்வதற்கு விமானங்களில் ஒரு கருவி உண்டு. அது அன்று அணைந்திருந்தது என்றும், தளத்துக்குள்ளேயே ஒரு பிரிவுக்கும் இன்னொரு பிரிவுக்கும் தகவல் சரியாகப் போய்ச் சேரவில்லை என்றும் விசாரணையைப் பற்றி வந்த செய்திகள் சொல்லின.

இதை ஆங்கிலத்தில் 'ஃப்ரெண்ட்லி ஃபயர்' என்பார்கள். நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால், நம்ம விரலே நம்ம கண்ணைக் குத்துவது.

2019 அக்டோபர் 4. புதிதாகப் பதவிக்கு வந்திருந்த விமானப்படைத் தளபதி பதவுரியா பத்திரிகையாளர் சந்திப்பில் இதை வெளிப்படையாகச் சொன்னார். நம் ஏவுகணைதான் தாக்கியது, அது பெரிய தவறு, ஒப்புக்கொள்கிறோம், பொறுப்பான அதிகாரிகள் மீது நடவடிக்கை இருக்கும் என்றார். 2023-ல் ராணுவ நீதிமன்றம் ஒரு மூத்த அதிகாரியைப் பணிநீக்கம் செய்யத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு உறுதியாவது அப்போது உயர் நீதிமன்ற வழக்குக்கு உட்பட்டிருந்தது. முழு விசாரணை அறிக்கை மக்கள் பார்வைக்கு வரவில்லை.

ஒரு தளபதி மைக் முன்னால் உட்கார்ந்து "தவறு எங்களுடையது" என்று சொல்வது சாதாரண விஷயம் இல்லை. அதற்கு ஒரு சல்யூட். ஆனால் பிப்ரவரிக்கும் அக்டோபருக்கும் நடுவில் ஏழு மாதம் ஓடிவிட்டது. செய்தித்தாள்களில் அரசல்புரசலாக வந்துகொண்டே இருந்தது. அந்த ஏழு வீட்டிலும் அந்த ஏழு மாதம் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அக்டோபரில் அந்தச் செய்தி வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மிலிட்டரிக்காரர் மறுபடி வந்தார். பிரஷர் பார்க்க வரவில்லை. கடைசி ஆளாக உட்கார்ந்திருந்து, எல்லோரும் போன பிறகு உள்ளே வந்தார்.

"பெரிய ஆபீசரே ஒத்துக்கிட்டாரு தம்பி."

அப்புறம் சொன்னார். அவர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் வடகிழக்கில் ஒரு மலை முகாம். நல்ல மழை. ராத்திரி காவலுக்குப் போன ஒரு பையன், நம்ம தமிழ்ப் பையன், மழைக்குப் பாதை சரிந்துவிட்டதால் வேறு வழியாக முகாமுக்குத் திரும்பியிருக்கிறான். காவலில் இருந்தவர் அடையாளச் சொல் கேட்டிருக்கிறார். மழைச் சத்தத்தில் இவனுக்குக் கேட்கவில்லை. இவன் சொன்னதும் அவருக்குக் கேட்கவில்லை. பாதையைத் தேடித் திரும்பிய நேரத்தில் குண்டு பாய்ந்தது. முதுகில்.

பெட்டியோடு ஊருக்குப் போகும் வேலை இவருக்கு வந்தது. தமிழ் தெரிந்த ஆள் என்பதால். "பணியில் இருக்கும்போது வீரமரணம் என்று மட்டும் சொல். மேலே கேட்டால் விசாரணை நடக்கிறது என்று சொல்." அவ்வளவுதான் உத்தரவு.

அந்தம்மா அழவே இல்லையாம். இவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டிருக்கிறார். "எப்பிடிப்பா செத்தான் எம்புள்ள?"

"சண்டையில போயிட்டாரும்மா" என்றிருக்கிறார் இவர்.

"அன்னைக்கு ராத்திரியில இருந்துதான் தம்பி எனக்குத் தூக்கம் போச்சு. நீங்க தர்ற மாத்திரைல என்ன வரப்போகுது?"

இருபது வருஷத்துக்கு மேல் நான் உட்பட எத்தனையோ டாக்டர்கள் அந்த மனிதருக்கு அம்லோடிபைன் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஒருத்தர்கூட "ஏன் தூக்கம் வரலை?" என்று உட்காரவைத்துக் கேட்டதில்லை.

"போய்ச் சொல்லிட்டு வந்தா என்ன?" என்று கேட்டேன். நாலு மாதம் கழித்துப் போனார்.

அந்தம்மா இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. தம்பிக்காரர் இருந்தார். இவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அந்தத் தம்பி ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணே" என்றாராம்.

விஷயம் என்னவென்றால், உடம்பை இறக்கித் துணி மாற்றும்போது வீட்டு ஆட்கள் காயத்தைப் பார்த்திருக்கிறார்கள். முதுகில் குண்டு. சண்டையில் செத்தவனுக்கு முதுகில் எப்படிக் குண்டு வரும்? ஊரில் யாரோ ஒருத்தர் வாய்விட்டுக் கேட்டுவிட்டார். அதற்கப்புறம் கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் ஒரு முணுமுணுப்பு. "ஓடும்போது சுட்டிருப்பாங்க."

அந்தம்மா இருபது வருஷத்துக்கு மேல் அந்த முணுமுணுப்போடு வாழ்ந்துவிட்டுப் போயிருக்கிறார்.

ராணுவத்தின் மானத்தைக் காப்பாற்றச் சொன்ன ஒரு வரி, அந்தப் பையனின் மானத்தைக் கொண்டுபோய்விட்டது. அவன் ஓடவில்லை. மழையில், வழி தெரியாத இருட்டில், தன் முகாமுக்குத் திரும்பிக்கொண்டு இருந்தான். உண்மையைச் சொல்லியிருந்தால் ஊர் அவனுக்காக இன்னும் ஒருமுறை அழுதிருக்கும்.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை.

பேட் டில்மேன் என்று ஒரு அமெரிக்கக் கால்பந்து வீரர். கோடிக்கணக்கில் பணம் தரும் ஒப்பந்தத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டு 2002-ல் ராணுவத்தில் சேர்ந்தவர். 2004 ஏப்ரல் 22 அன்று ஆப்கானிஸ்தானில் இறந்தார். எதிரியோடு சண்டையிட்டு மடிந்தார் என்று அறிவித்து, 'சில்வர் ஸ்டார்' பதக்கமும் கொடுத்தார்கள். நினைவஞ்சலி நாடு முழுக்க டிவியில் ஓடியது.

அவரைச் சுட்டது அவருடைய சொந்தப் படைப்பிரிவு. அங்கே இருந்தவர்களுக்கு அது உடனேயே தெரியும். அவர் சீருடையையும் குண்டு துளைக்காத கவசத்தையும் எரித்துவிட்டார்கள். அதே படைப்பிரிவில் இருந்த சொந்தத் தம்பிக்கே சொல்லவில்லை. குடும்பத்துக்கு விஷயம் தெரிய ஐந்து வாரம் ஆனது.

ஒரு டாக்டராக என்னை உறுத்துவது இதில் ஒரு விவரம். பிரேதப் பரிசோதனை செய்த ராணுவ மருத்துவர்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நெற்றியில் இருந்த காயங்கள் அவர்களுக்குச் சொல்லப்பட்ட கதையோடு ஒத்துப்போகவில்லை. விசாரிக்கச் சொன்னார்கள். அப்போது யாரும் காதில் வாங்கவில்லை. உடம்பு பொய் சொல்லாது. சொல்வதைக் கேட்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

டில்மேனின் அம்மா விடவில்லை. விசாரணை மேல் விசாரணை. 2007-ல் நாடாளுமன்றக் குழு முன்னால் அந்தத் தம்பி வந்து பேசினார். ஓய்வுபெற்ற ஒரு ஜெனரலுக்குக் கண்டனம் கிடைத்தது. அந்தக் குடும்பத்தின் கோபம் சுட்ட பையன்கள்மேல் இருந்ததைவிட, கதை கட்டினவர்கள்மேல்தான் அதிகம் இருந்தது.

போர் என்றால் இப்படியும் நடக்கும் என்பது ராணுவங்களுக்கு நன்றாகவே தெரியும். 1991 வளைகுடாப் போரில் சண்டையில் இறந்த அமெரிக்க வீரர்கள் 148 பேர். அதில் 35 பேர் சொந்தத் தரப்புச் சூட்டில் இறந்தவர்கள். கிட்டத்தட்ட நாலில் ஒருவர். உலகத்திலேயே அதிகப் பணமும் கருவியும் வைத்திருக்கும் படைக்கே இந்தக் கதி என்றால், இது கெட்டவர்கள் மட்டும் செய்கிற காரியம் இல்லை என்று புரியும். இருட்டு, பயம், அவசரம், கேட்காத காது, அணைந்துபோன கருவி. எங்கள் ஆஸ்பத்திரிகளிலும் தவறுகள் இப்படித்தான் நடக்கின்றன.

"டாக்டர், உங்களுக்கு எதுக்கு ராணுவ விஷயம்?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் இத்தனை தூரம் வந்தேன்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலம். தீக்காய வார்டு. எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை.

பட்டாசு ஆலை ஒன்றில் மருந்து தீப்பிடித்து ஒரு அக்காவைக் கொண்டுவந்தார்கள். உடம்பில் நாற்பது சதவீதம் தீக்காயம். எடை 45 கிலோ இருக்கும்.

தீக்காயத்தில் முதல் 24 மணி நேரம் உயிரைக் காப்பாற்றுவது டிரிப்தான். வெந்த தோல் வழியாக உடம்பின் நீர் வடிந்துகொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட வேண்டும். கணக்கு இதுதான்: நாலு மில்லி, பெருக்கல் எடை, பெருக்கல் தீக்காய சதவீதம். இவருக்கு 7,200 மில்லி. அதில் பாதி தீப்பிடித்த முதல் எட்டு மணி நேரத்துக்குள் போக வேண்டும். அதாவது எட்டு மணி நேரத்தில் ஏழு பாட்டில் ரிங்கர் லாக்டேட். மணிக்கு ஒருமுறை சிறுநீர் அளவைப் பார்த்துச் சார்ட்டில் எழுத வேண்டும். குறைந்தால் டிரிப்பைக் கூட்ட வேண்டும்.

தொடர்ந்து முப்பது மணி நேரமாக டூட்டியில் இருந்தேன். ராத்திரி மூன்று மணிக்குப் பார்த்திருக்க வேண்டும். நாற்காலியில் கண் அசந்துவிட்டேன். நாலரைக்கு முழித்துப் போய்ப் பார்த்தால், கால் நரம்பில் போட்டிருந்த ஊசி விலகிக் கால் வீங்கியிருக்கிறது. டிரிப் நின்றுபோய் எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. சிறுநீர்ப் பையில் கொஞ்சமே கொஞ்சம், தேநீர் நிறத்தில்.

புது ஊசி போட்டேன். டிரிப்பை வேகமாக ஓட்டினேன். அப்புறம் சார்ட்டை எடுத்து, காலியாக இருந்த மூன்று மணிக் கட்டத்தில் ஒரு எண்ணை எழுதினேன்.

நான் பார்க்காத ஒரு எண்.

மூன்றாம் நாள் சிறுநீரகம் நின்றுபோனது. ஐந்தாம் நாள் இறந்துபோனார். அவர் என்னால்தான் இறந்தார் என்று சொல்ல முடியாது. அவ்வளவு தீக்காயத்தில் நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் இறப்பவர்கள் உண்டு. என்னால் இல்லை என்றும் சொல்ல முடியாது. சொல்லக்கூடிய ஒரே ஆவணத்தை நான் கெடுத்துவிட்டேன்.

அவருடைய அண்ணன் வராண்டாவில் நின்றிருந்தார். "எல்லாம் சரியாத்தான பாத்தீங்க சார்?"

"எங்களால முடிஞ்ச எல்லாம் பண்ணோம்."

மிலிட்டரிக்காரர் சொன்ன அதே வரிதான். வார்த்தைதான் வேறு.

தூங்கினது பிழை. முப்பது மணி நேரம் யாரை உட்காரவைத்தாலும் தூங்குவார். அதற்கு நான் மட்டுமே பொறுப்பு இல்லை. அந்தக் கட்டத்தை நிரப்பியதற்கு முழுப் பொறுப்பும் நான்தான்.

இதை மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலாவது, பிழை. நல்ல மனிதனும் செய்வது. இருட்டில் சுட்டவர், நாற்காலியில் தூங்கியவர். இவரைத் தூக்கில் போட்டால் அடுத்தவர் திருந்தப் போவதில்லை, மறைக்கக் கற்றுக்கொள்வார். இங்கே மாற்ற வேண்டியது ஏற்பாட்டை.

இரண்டாவது, அலட்சியம். விதி தெரியும், ஆபத்து தெரியும், தெரிந்தே மீறுவது. இதற்குத் தண்டனை வேண்டும். பதவி எவ்வளவு பெரியதாக இருந்தாலும்.

மூன்றாவது, மறைப்பு. சீருடையை எரிப்பது, சார்ட்டை நிரப்புவது, பெற்ற தாயிடம் கதை சொல்வது. இதில் தெரியாமல் நடந்தது என்று எதுவும் இல்லை. முதல் இரண்டையும் அடுத்த முறை தடுக்க முடியாமல் செய்வது இதுதான்.

நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

ஒவ்வொரு வெடி விபத்துக்கும் மறுநாள் பேப்பரில் ஒரு வரி வரும். 'மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வே காரணம்.' எத்தனை முறை படித்திருப்பீர்கள்? 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி, 38 உயிர். அதில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. முதல் புகையைப் பார்த்துக் காப்பாற்ற ஓடியவர்கள், என்ன ஆச்சு என்று பார்க்கப் போனவர்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சங்குளம். 2023 அக்டோபரில் ஒரே நாளில் ரெங்கபாளையமும் கிச்சநாயக்கன்பட்டியும். 2024 மே மாதம் செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1 சின்னக்காமன்பட்டி.

உராய்வு என்பது காரணமா? உராய்வு தீப்பெட்டியில்கூடத்தான் நடக்கிறது. அந்த அறையில் அனுமதித்ததைவிட அதிக ஆட்கள் ஏன் இருந்தார்கள்? மருந்து ஏன் கூடுதலாகக் கலந்து வைக்கப்பட்டிருந்தது? உரிமம் ஒருத்தர் பெயரில், உள்குத்தகை நாலு பேருக்கு. ஏன்? கூலி எண்ணிக்கைக்கு என்றால் கை வேகமாகத்தானே ஓடும்? உராய்வு என்ற சொல்லோடு கேள்வி நின்றுவிடுகிறது. ஹெலிகாப்டருக்குத் தொழில்நுட்பக் கோளாறு எப்படியோ, நமக்கு உராய்வு அப்படி. போர்மேன் மீது வழக்கு, குடும்பத்துக்குக் காசோலை, மாலை, அமைச்சர், போட்டோ. தீபாவளி முடிந்தால் எல்லாம் பழையபடி.

இப்போது நம்மைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும்.

ராணுவத்தில் ஒரு சாவு நடந்தால் நம் செல்போனில் இரண்டு கூட்டம் கிளம்பும். ஒரு கூட்டம், "கேள்வி கேட்டால் நீ தேசத்துரோகி" என்கிறது. இன்னொரு கூட்டம், "ஒட்டுமொத்த ராணுவமே இப்படித்தான்" என்று கெக்கலிக்கிறது. முதல் கூட்டத்துக்குப் பயந்து குடும்பம் வாயை மூடிக்கொள்கிறது. இரண்டாவது கூட்டத்துக்குப் பயந்து அதிகாரி வாயை மூடிக்கொள்கிறார். இரண்டு கூட்டமும் சேர்ந்து அந்தத் தாயின் கேள்வியை அமுக்கிவிடுகின்றன. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எப்பிடிப்பா செத்தான் எம்புள்ள?"

ஆஸ்பத்திரியிலும் இதே நிலைமைதான். பிழைத்தால் டாக்டர் கடவுள். செத்தால் கண்ணாடி உடையும். அடி விழும் என்று தெரிந்த எந்த இளம் டாக்டர் வெளியே வந்து "டிரிப் ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கலாம் அண்ணே" என்று சொல்வார்?

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. நம்ம தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் நம் மாநிலத்தில் அது அந்த ஆஸ்பத்திரியோடு முடிந்துவிடாது. 24 மணி நேரத்துக்குள் மேலிடத்துக்குத் தகவல் போக வேண்டும். யார் பார்த்தார்கள், ஆம்புலன்ஸ் எத்தனை மணிக்கு வந்தது, ரத்தம் எத்தனை மணிக்கு ஏறியது என்று மணிவாரியாக அலசுவார்கள். மாவட்ட ஆட்சியர் வரை போகும். இறந்தவருடைய உறவினரையும் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்பதற்கு அதில் இடம் இருக்கிறது. உட்கார்ந்து பதில் சொன்னவன் என்ற முறையில் சொல்கிறேன், உள்ளங்கை வியர்த்துவிடும். ஆனால் முதல் கேள்வி 'யார்' என்று வராது. 'எங்கே தாமதம்' என்றுதான் வரும்.

2007-09 காலத்தில் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 97 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20ல் அது 54. இதற்கு 108 ஆம்புலன்ஸ், சீமாங் மையங்கள், கிராம செவிலியர்கள் என்று பல காரணங்கள் உண்டு. ஒவ்வொரு சாவையும் மேஜையில் வைத்துப் பேசியதும் அதில் ஒரு காரணம் என்பதை அந்த மேஜையில் உட்கார்ந்த யாரும் மறுக்க மாட்டார்கள்.

இதே மேஜையைப் பட்டாசு ஆலைக்குப் போடலாம். ராணுவத்துக்கும் போடலாம். எல்லையில் எங்கே எந்த ஏவுகணை இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ரகசியம் ரகசியமாகவே இருக்கட்டும். என் பிள்ளை எப்படிச் செத்தான், அதே மாதிரி இன்னொரு பிள்ளை சாகாமல் இருக்க என்ன மாற்றினீர்கள் என்ற இரண்டு கேள்விக்கு, அந்த வீட்டுக்கு நாள் கணக்கு வைத்துப் பதில் வர வேண்டும். ஏழு மாதம் கழித்து டிவியில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விடக் கூடாது.

நாம் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால், யாரையும் திட்டுவதற்கு முன்னால் ஒரு வாரம் பொறுங்கள். ஒரு மாதம் கழித்து மறக்காமல் கேளுங்கள். நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

மிலிட்டரிக்காரருக்கு இப்போது தூக்கம் வருகிறதா என்று கேட்பீர்கள். முழுசாக இல்லை. "முன்னைக்குப் பரவால்ல தம்பி" என்கிறார். பிரஷர் 140-க்குக் கீழே வந்திருக்கிறது. அந்தத் தம்பிக்காரர் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி, அண்ணன் எப்படி இறந்தான் என்று இவரையே வாய்விட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறார். இவரும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அவர் போய்வந்த பிறகும் நான் சும்மாதான் இருந்தேன். ஒன்று மட்டும் மாற்றிக்கொண்டேன். என் பொறுப்பில் யாராவது இறந்தால், வீட்டு ஆட்களை உட்காரவைத்து, சார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மணிக்கணக்கில் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். தாமதம் இருந்தால் தாமதத்தையும் சேர்த்து. சிலர் சத்தம் போட்டிருக்கிறார்கள். இதுவரை யாரும் அடித்ததில்லை. ஒருவர் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழுந்து போனார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அந்த அக்காவின் அண்ணன் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. ஊர்ப் பெயர் மறந்துவிட்டது. பட்டாசு வேலை பார்க்கும் நூறு ஊர்களில் ஏதோ ஒன்று. இதை அவரோ, அவர் பிள்ளைகளோ படிக்க ஒரு வாய்ப்பு இருக்கிறது என்பதால்தான் இங்கே எழுதினேன்.

அண்ணே, அன்று வராண்டாவில் நீங்கள் கேட்டதற்குப் பதில் இது. எல்லாம் சரியாகப் பார்க்கவில்லை. மூன்று மணியில் இருந்து நாலரை வரைக்கும் உங்கள் தங்கச்சியை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டியவன் நான்.



— பொதுநல மருத்துவர், விருதுநகர் மாவட்டம்